தாழ்த்திய காரும் தோட்டப் பாதையும்

இயற்கை மனிதனுடைய இதயத்தை விலா எலும்புகளுக்குள்ளும், மூளையை மண்டையோட்டுக்குள்ளும் வைத்துக் காத்திருக்கின்றது. மோட்டார் காரை ஆக்கிய மனிதனோ, அதன் எஞ்சினுக்கு உயிரூட்டும் ஒயிலைத் தாங்கும் பாத்திரத்தை வண்டியின் அடிவயிற்றிலே, பெரும்பாலும் காவல் எதுவுமின்றி வைத்துவிட்டான். செப்பனிட்ட வீதியில் மட்டும் ஓடும் காருக்கு இஃது ஒரு குறையன்று. மஸ்கெலியாத் தோட்டங்களின் கற்பாதையில் ஏறும் காருக்கோ அதுவே உயிர்நிலை. அவ்வுயிர்நிலையைக் காப்பது எவ்வாறு, காக்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்னும் இரு வினாக்களையே இக்கட்டுரையிற் சிந்திக்க விழைகின்றேன்.

கராஜ்களில் ‘சம்ப்’ என்று வழங்கும் இப்பாத்திரம் உருக்குத் தகட்டாலோ அலுமினிய வார்ப்பாலோ ஆனது. சிறிய கார்களில் மூன்று அல்லது நான்கு லீற்றர் ஒயில் அதில் நிற்கும். பாத்திரத்தின் அடித்தளத்துக்குச் சற்று மேலே வலையிட்ட குழாயொன்று உண்டு. ஒயில் பம்ப் அக்குழாய் வழியாக ஒயிலை உறிஞ்சி, சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் அனுப்புகின்றது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் நிற்கும் அந்த மெல்லிய ஒயிற் படலம் அற்றுப்போனால், சொற்ப நேரத்திலேயே எஞ்சின் இறுகிவிடும்.

அலுமினிய சம்ப் கல்லில் மோதினால் வெடிக்கும். வழியும் ஒயில் கண்ணுக்குத் தெரியும். உருக்குச் சம்ப் பெரும்பாலும் வெடிப்பதில்லை, உள்நோக்கி நெளிகின்றது. ஒரு துளியும் சிந்தாமையால் சாரதி நிம்மதி அடைகின்றான். ஆனால், நெளிந்த தகடு உறிஞ்சு குழாயின் வாயை நெருக்கிவிட்டால், பாத்திரம் நிறைய ஒயில் இருந்தும் எஞ்சின் தாகத்தால் மாளும். வெடிப்பைவிட இந்நெளிவே அஞ்சத்தக்கது என்பது கராஜ் அனுபவம் உள்ளோர் கூற்று.

இனி, காரைத் தாழ்த்தும் வழக்கத்துக்கு வருவோம். கொழும்பிலே தொழில் பார்க்கும் எங்கள் பகுதி இளைஞர் சிலர், பழைய ஜப்பானியக் கார்களை வாங்கி, ஸ்பிரிங்குகளை அறுத்தோ, குட்டையான ஸ்பிரிங்குகளைப் பூட்டியோ அவற்றைத் தாழ்த்துகின்றனர். தரையோடு தரையாகப் பதுங்கிச் செல்லும் அத்தோற்றத்தில் ஒரு கம்பீரம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. லயத்து அறையொன்றில் வளர்ந்தவன், தன் உழைப்பில் வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி அழகுசெய்ய நினைப்பதை ஏளனம் செய்வோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. எனினும், கணக்கு ஒன்று உண்டு. தரைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் அளவு இடைவெளியுள்ள கார், இரண்டு அங்குலம் தாழ்த்தப்பட்டால் 10 சென்ரிமீற்றருக்கு வந்துவிடுகின்றது. ஐவர் ஏறி அமர்ந்தால் அதுவும் குறையும்.

தோட்டப் பாதையின் அமைப்பையும் இங்கு நோக்குதல் வேண்டும். கொழுந்து லொறியும் துரைமாரின் ஜீப்பும் செல்வதற்கென்றே வெட்டப்பட்ட பாதைகள் இவை. லொறிச் சில்லுகள் இரு புறமும் பள்ளம் பறிக்க, நடுவிலே புல்லும் கல்லும் கொண்ட மேடொன்று நிற்கும். தென்மேற்குப் பருவமழை மண்ணைக் கழுவிச் செல்லும்போது, மேட்டிலுள்ள கற்கள் பற்களைப் போல் தலைநீட்டும். உயர்ந்த லொறிக்கு அம்மேடு ஒரு பொருட்டன்று. தாழ்ந்த காருக்கோ, சம்ப் இருக்கும் இடமும் மேடு இருக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

தீபாவளிக்கு ஊர் வந்த என் பெரியப்பாவின் மகன், இவ்வாறான பாதையொன்றிலேயே தன் காரின் சம்பை உடைத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தவுடன் எஞ்சினை நிறுத்தியமையால் பேரிங்குகள் தப்பின. மஸ்கெலியாவில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் காரின் அடியிற் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தகடு அடிக்கலாம். ஆனா மொதல்ல ஸ்பிரிங்க மாத்து. ஒசரத்தக் கொறச்சிட்டு இரும்பு போட்டு என்ன புண்ணியம்?” அண்ணன் நெடுநேரம் பேசாதிருந்தார், பின் பழைய ஸ்பிரிங்குகளையே பூட்டச் சம்மதித்தார்.

அக்கராஜில் நான் கண்டறிந்தவை சில. காவற்றகடு 3 மில்லிமீற்றர் உருக்காயின் போதுமானது. அலுமினியமாயின் பாரம் குறையும்; தடிப்பு கூடவேண்டும். தகட்டைச் சம்பிலே பொருத்துதல் ஆகாது. எஞ்சினைத் தாங்கும் உறுதியான குறுக்குச் சட்டத்திலே போல்ட் கொண்டு பூட்டி, சம்புக்கும் தகட்டுக்கும் இடையே ஓர் அங்குலமாவது வெளி விடவேண்டும். இல்லையேல் கல்லின் அடி தகடு வழியாகச் சம்பையே சென்றடையும். முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்தால் தகடு கல்லிற் கொளுவாது வழுக்கிச் செல்லும். வெப்பம் வெளியேறவும், ஒயில் மாற்றவும் துவாரங்கள் தேவை. தகட்டின்மேற் சேரும் சேற்றையும் சருகையும் அடிக்கடி அகற்றவேண்டும். ஒயில் ஊறிய சருகு தீப்பற்றும். தகடும் தன் தடிப்பளவுக்கும் இடைவெளியளவுக்கும் உயரத்தைத் தின்னும் என்பதனாலேயே, உயரத்தை மீட்பது முதற் காவல், தகடு இரண்டாவது காவல் என்றார் அவர்.

மூன்றாவது காவல் சாரதியின் கண். நடுமேட்டை இரு சில்லுகளுக்கும் இடையில் விடாது, ஒரு பக்கச் சில்லை அதன்மேல் ஏற்றி, மறுபக்கச் சில்லைப் பாதையின் ஓரத்தில் விட்டு மெல்லச் செல்வதே எங்கள் பகுதிச் சாரதிகளின் முறை. பெருங்கல் வந்தால் பயணிகள் இறங்கி நடப்பர். யாரும் அதனை அவமானமாகக் கருதுவதில்லை.

ஆயினும் இம்மூன்றும் தனிமனிதன் தன் கைப்பணத்தில் செய்துகொள்ளும் காவல்கள். நான்காவது காவல் பாதையே அன்றோ? இரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்ல, தோட்டத்தில் அக்கணம் கிடைப்பது ஓர் இளைஞனின் தாழ்ந்த காராகவும் இருக்கலாம். நடுவழியில் அதன் சம்ப் உடையுமாயின், இழப்பு எஞ்சினோடு நிற்குமா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப்புறங்களிற் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் விளங்கியது. தோட்டத்து மக்கள் வாக்களித்த சபைக்கே தோட்டத்துப் பாதை அந்நியமாயிருந்தது. அச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் மஸ்கெலியாவுக்கெனத் தனிப் பிரதேச சபையும் கிடைத்தது. ஆகவே, சட்டத்தைக் காரணங்காட்டிக் கைவிரிக்கும் காலம் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது கற்களும் அவற்றை அகற்றும் மனமுமே.

கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் சேதமின்றி இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே பாதை சமைக்கத் தெரிந்த நாடு இது. அக்கொழுந்தைப் பறித்தவர்களின் பிள்ளைகள் தத்தம் வண்டிகளுக்கு இரும்புக் கவசம் பூட்டிக்கொண்டுதான் வீடு திரும்பவேண்டுமெனில், அது வண்டியின் குறையன்று. தகட்டை நாம் பூட்டுவோம், உயரத்தையும் மீட்போம். பாதையைத் தரவேண்டியவர்களிடம் பாதையைக் கேட்பதையும் அவற்றோடு சேர்த்தே செய்தல் வேண்டும்.