கான்சாபுரத்துக்குப் பெயர் மாற்றச் சொல்பவர்களுக்கு

2025இல் ரீல்ஸைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கூமாபட்டிக்கு வண்டியைத் திருப்பிய நேரத்தில்தான் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இந்தச் சண்டை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊருக்கு வந்த புகழில் நமக்கும் கொஞ்சம் ஒட்டட்டுமே என்று ஒரு தம்பி கான்சாபுரத்து வயலையும் மலையையும் வீடியோ எடுத்துப் போட்டான். கூடவே, மருதநாயகம் என்கிற கான்சாகிப் பெயரில் இருக்கிற ஊர் என்று ஒரு வரி. அந்த வரிதான் வினை. பூலித்தேவரை எதிர்த்துக் கும்பெனிக்குப் படை நடத்தினவன் பேரு நமக்கு எதுக்கு, கலெக்டருக்கு மனு எழுதி மாத்தணும் என்றார் ஒரு மாமா. வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட தியாகியை இப்படிப் பேசலாமா என்று பாய்ந்தார் ஒரு சித்தப்பா. மூன்றாவதாக ஒருவர் வந்து, கான்சாகிப் மதம் மாறுவதற்கு முன்னால் என்ன சாதி என்று ஆரம்பித்ததும் பாதிப் பேர் குழுவை விட்டே போனார்கள்.

நான் போகவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலில் குடியிருப்பவனுக்கு இது பழகின சண்டை. இங்கேயும் இரண்டரை நூற்றாண்டாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் வேறு ஏதோ போரைப் பற்றி அல்ல, நம் கான்சாகிப் வாள் பிடித்த அதே போரைப் பற்றி.

பள்ளியில் நமக்கு அதைக் கர்நாடகப் போர்களில் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆற்காட்டு நவாபு, சந்தா சாகிப், கிளைவ், டூப்ளே என்று பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டோம். 1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போரின் ஒரு மூலை அது என்பது கியூபெக் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் உலகப்போர் என்ற பட்டம் உண்மையில் இதற்குத்தான் சேரவேண்டும் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, தெற்கே பாளையக்காரர்களோடு மோதிக்கொண்டிருந்த கான்சாகிப்பை அவசரமாக வரவழைத்தார்கள். பிரெஞ்சுப் படைக்கு வரும் சாமான்களை வழியில் மறிப்பது அவர் வேலை. 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் கியூபெக் நகரின் கோட்டைக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் அரை மணி நேரத்துக்குள் ஒரு சண்டை முடிந்தது. இரண்டு பக்கத்துத் தளபதிகளுக்கும், ஆங்கிலேயரின் உல்ஃபுக்கும் பிரெஞ்சுக்காரரின் மோங்காமுக்கும், அங்கே பட்ட காயமே சாவாயிற்று. 1760 செப்டம்பரில் மான்ட்ரியல் சரணடைந்தது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. அதே 1761இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைக் கான்சாகிப் பிடிக்க, பூலித்தேவரின் ஆட்டம் அத்தோடு ஒடுங்கியது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலையும் கியூபெக்கையும் ஒரே வரியில் எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். லண்டனில் கணக்கு எழுதினவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

தோற்றவர்கள் அந்தத் தோல்வியை என்ன செய்தார்கள் என்பதில்தான் கியூபெக்காரர்களைப் பார்த்து நான் வாய் பிளக்கிறேன். 1978 முதல் இங்கே ஓடும் ஒவ்வொரு காரின் நம்பர் பிளேட்டிலும் 'எனக்கு நினைவிருக்கிறது' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். சும்மா எழுதிவைத்ததல்ல. 2009இல் ஆபிரகாம் சமவெளிச் சண்டையின் 250ஆம் ஆண்டுக்கு, அதை வேடமிட்டு நடித்துக் காட்டலாம் என்று மத்திய அரசின் போர்க்கள ஆணையம் ஏற்பாடு செய்தது. நாங்கள் தோற்றதை எங்கள் மண்ணிலேயே வேடிக்கை காட்டுவதா என்று எழுந்த எதிர்ப்பில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அரை மணி நேரத்துக்காக! நம் ஊரில் வாசுதேவநல்லூர்ச் சண்டையின் 250ஆம் ஆண்டு எப்போது வந்தது, எப்போது போனது?

அந்த நினைவு நம்பர் பிளேட்டோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஜெயித்த ஆங்கிலேயர், பிரெஞ்சுக் குடிகள் பக்கத்திலிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களோடு சேர்ந்துவிடக்கூடாது என்ற கணக்கில், 1774இல் கியூபெக் சட்டம் போட்டுக் கத்தோலிக்க மதத்தையும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையும் விட்டுவைத்தார்கள். அதன் வால் இன்றும் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. மற்ற மாகாணங்களில் வீடு வாங்கினால் பெரும்பாலும் வக்கீலிடம் போவார்கள். இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடாமல் அடமானக் கடன் நகராது. 1981 முதல் இங்கே கல்யாணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஊரில் பாஸ்போர்ட்டில் என் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டு வந்த மனைவி, இங்கே ஒவ்வொரு கவுண்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல், அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். 1977இன் மொழிச் சட்டம் குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் உட்கார வைத்தது. மான்ட்ரியலில் வளரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று, வீட்டில் அம்மாவிடம் தமிழிலும் ரோட்டில் நண்பனிடம் பிரெஞ்சிலும் கார்ட்டூனில் ஆங்கிலத்திலும் சண்டை போடுவதைக் கேட்டால், மூன்று பேரரசுகள் ஒரே வாய்க்குள் குடியிருப்பது தெரியும்.

இதையெல்லாம் புகழ்ந்துகொண்டே இருக்கையில் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்து விழும். 2022இல் வந்த புதுச் சட்டப்படி, புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு ஆறு மாதம்தான் சலுகை. அதற்குப் பிறகு அரசு பெரும்பாலும் பிரெஞ்சில்தான் பேசும். போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் புரிந்துகொள்ள, மாடி வீட்டு அண்ணையைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வாசித்து முடித்துவிட்டு, "எங்கட நாட்டில ஒரு மொழிச் சட்டம் போட்டாங்கள், நாங்கள் இஞ்ச வந்து நிக்கிறம். இவையும் போடினம், ஆனா இவை தோத்த ஆக்கள் தம்பி, ஜெயிச்ச ஆக்கள் இல்லை. அதுதான் வித்தியாசம்" என்றார். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை வைத்து அவர் போட்ட கணக்கு அது. தனக்கு வலித்தபோது போட்ட வேலி வேறு, அடுத்தவனை அடிக்கப் போட்ட வேலி வேறு என்ற அந்த நியாயத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மொஹாக் மக்களைக் கேட்க வேண்டும்.

ஏனென்றால் கியூபெக்கின் நினைவு முழு நினைவில்லை. மான்ட்ரியலைப் பிடித்த ஆங்கிலத் தளபதி அம்ஹர்ஸ்ட்டின் பெயரில் நகர நடுவில் ஒரு தெரு இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டு அட்டாட்டெக்கென் என்ற மொஹாக் பெயரை வைத்தார்கள். பூர்வகுடிகளிடம் அம்மை நோயைப் பரப்புவதற்கு ஆதரவாக எழுதிய ஆள் அம்ஹர்ஸ்ட். அதைத் தூக்குவதற்கு 2019 வரை ஆகியிருக்கிறது. தன் தோல்வியை ஒவ்வொரு காரிலும் மாட்டிய சமூகம், தனக்கு முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்களின் தோல்வியை நினைக்க நிதானமாகத்தான் கிளம்பியது.

அம்ஹர்ஸ்ட் அப்படி எழுதியது 1763இல். அந்த வருஷம்தான் கான்சாபுரத்துக்கும் முக்கியம்.

1763 பிப்ரவரி 10ஆம் தேதி பாரீஸில் உடன்படிக்கை கையெழுத்தானது. பனி மூடிய கனடாவை விட்டுவிட்டுச் சர்க்கரை விளையும் குவாடலூப்பையும் மார்ட்டினிக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டது பிரான்ஸ். இடிந்து கிடந்த பாண்டிச்சேரியையும் வாங்கிக்கொண்டது. பேரம் பேசியவர்களுக்கு அது நல்ல வியாபாரம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். டெட்ராய்ட் பக்கத்தில் போன்டியாக் என்ற ஒட்டாவா இனத் தலைவர், பிரெஞ்சுக்காரர் விட்டுக்கொடுத்த நிலம் அவர்களுடையதே அல்ல என்று ஆங்கிலக் கோட்டைகளை வளைத்தார். மதுரையில், அதுவரை கும்பெனிக்குப் படை நடத்திய கான்சாகிப், வரித் தகராறில் ஆங்கிலேயரையும் நவாபையும் எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியின் கீழ் கோட்டையைப் பூட்டினார். போன்டியாக், பிரெஞ்சு ராஜா திரும்பி வருவார் என்று நம்பினார். கான்சாகிப்பின் கோட்டைக்குள் மர்சாந்த் என்ற பிரெஞ்சு அதிகாரியும் ஆட்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு ராஜ்ஜியம் சண்டைக்கு நிற்கவில்லை. சமாதானம் கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன.

உடன்படிக்கையின் பதினொன்றாவது பிரிவில் இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஒப்புக்கொண்டன. மதுரையும் திருநெல்வேலியும் யாருக்கு வரி கட்டுவது என்பதுதான் கான்சாகிப்பின் தகராறே. அந்த வழக்குக்குத் தீர்ப்பு அவரைக் கேட்காமல் பாரீஸில் எழுதப்பட்டது. அதே பிரிவில் தக்காணத்தின் சுபேதாராகச் சலாபத் ஜங்கையும் ஒப்புக்கொண்டார்கள். அவரை அவர் தம்பி முந்தைய ஆண்டே இறக்கிச் சிறையில் போட்டிருந்தார் என்பது கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியாது. நம் தலைவிதியை எழுதியவர்களின் லட்சணம் அது.

1763இல் வந்த முதல் முற்றுகையைக் கான்சாகிப் முறித்தார். 1764இல் மேஜர் கேம்பல் வந்து பட்டினி போட்டபோது உள்ளேயிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். மர்சாந்தும் திவான் சீனிவாசராவும் அதில் கூட்டு. அக்டோபரில் மதுரையில் தூக்கு. அவர் உடல் கிடக்கும் சம்மட்டிபுரத்துத் தர்காவில் இன்றும் ஜனங்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். அவர் கதை 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடலாகவும் நின்றது, நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார்.

இப்போது மாமாவுக்கு வருகிறேன். அவர் கோபத்துக்கு அடிப்படை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், கொல்லங்கொண்டான், சேத்தூர், வாசுதேவநல்லூர் என்று நம் மலையடிவாரத்துக் கோட்டைகளின் மேல் கும்பெனிப் படையை நடத்தியவர் கான்சாகிப்தான். நெல் விளைந்த வயல் யாருடைய குதிரைக்குத் தீனி என்று அந்தக் காலத்துக் குடியானவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதே கான்சாகிப், வரி வாங்கும் அதிகாரம் கைக்கு வந்ததும் கண்மாய்களைச் செப்பனிட்டார், கோவில் மானியங்களைத் திரும்பக் கொடுத்தார், மதுரை ஜனங்களிடம் பேர் வாங்கினார். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான். பேரரசுகள் மோதும்போது நடுவில் உள்ளூர்க்காரன் எவனும் ஒரே பக்கத்தில் நின்று சாவதில்லை. பூலித்தேவரும் கான்சாகிப்பும் ஒரே போரிலும் அதன் வாலிலும் தோற்றவர்கள். ஒருவர் முதலில், மற்றவர் மூன்று வருஷம் கழித்து. இருவரையும் தோற்கடித்தது ஒரே கும்பெனி.

கியூபெக்கை இவ்வளவு புகழ்ந்தவன் இங்கே ஊர்ப் பக்கம் சாய்கிறேன். கியூபெக் நகரில் உல்ஃபுக்கும் மோங்காமுக்கும் சேர்த்து ஒரே நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறார்கள், 1828இல். ஜெயித்தவனையும் தோற்றவனையும் சேர்த்து நிறுத்திய பெருந்தன்மை என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள். எழுப்பியவர் ஜெயித்த நாட்டின் கவர்னர் என்பதை மெதுவாகச் சொல்வார்கள். கான்சாபுரத்தில் தூணும் இல்லை, சட்டமும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. பேச்சு வாக்கில் சாகிபு தேய்ந்து 'சா' ஆனதே தவிர பெயர் போகவில்லை. தூக்கில் தொங்கிச் செத்த ஒரு முஸ்லிம் தளபதியின் பெயரை, யாரும் உத்தரவு போடாமல், ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அவரவர் சாமி படத்துக்குக் கீழே அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள் நம் ஜனங்கள். கியூபெக் சட்டம் போட்டுக் காப்பாற்றுவதை, இந்த ஊர் சும்மா இருந்தே காப்பாற்றியிருக்கிறது.

குறையும் அங்கேதான். சும்மா இருந்தால் பெயர் நிற்கும், கதை நிற்காது. கதை போன இடத்தில் சாதி வந்து உட்காரும். 1997இல் எலிசபெத் ராணியே சென்னைக்கு வந்து கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத்தொடக்கத்தில் கலந்துகொண்டார். படம் இன்னும் வரவில்லை. அன்றைக்கு முளைத்த 'யார் சாதி' வாதம் மட்டும் விடாமல் வளர்கிறது. 1763இன் பாரீஸ் உடன்படிக்கை பாண்டிச்சேரியைப் பிரான்சிடமே திருப்பிக் கொடுத்ததன் நெடுநாள் விளைவாக, அங்கே பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14ஐக் கொண்டாடுகின்றன. சில வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து யூரோவில் ஓய்வூதியம் வருகிறது. அவர்களுக்கு அந்தப் போர் ஒரு வங்கிக் கணக்காகவாவது மிஞ்சியது. நமக்கு மிஞ்சியது ஊர்ப் பெயர் ஒன்றே.

அதை அழித்துவிட்டு என்ன வைப்பதாக உத்தேசம் மாமா? ஏதாவது ஒரு தலைவர் பெயர், அதற்கு எதிராக இன்னொரு தலைவர் பெயர், நடுவில் ஒரு தடை உத்தரவு. அதற்கு எழுதப்போகும் மனுவை வேறு விதமாக எழுதுங்கள். கான்சாபுரம் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஓர் உலகப்படம் வரையச் சொல்லிக் கேளுங்கள். அதில் நெற்கட்டும்செவல், பாண்டிச்சேரி, மதுரை, கியூபெக், டெட்ராய்ட் ஐந்துக்கும் புள்ளி வைத்து, எந்த வருஷம் எது விழுந்தது என்று எழுதட்டும். அந்தப் படத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளை, கான்சாகிப் எந்தச் சாதி என்று கேட்காது. நம் ஊரை யாரிடமும் கேட்காமல் பேரம் பேசியது யார் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகும் பெயரை மாற்றத்தான் வேண்டும் என்று பட்டால், மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.