தோற்ற அணிக்கு ஒரு வரவேற்பு

கிண்ணத்தை வென்று வரும் அணியை ஊர் கூடி வரவேற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாலை, பட்டாசு, வாகன ஊர்வலம், அதிபரின் பாராட்டுரை என்று எல்லாம் இருக்கும். தோற்று வரும் அணிக்கு இவை எதுவும் இல்லை. பஸ்ஸில் யாரும் பாடமாட்டார்கள். பாடசாலை வாசலில் இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவோம். எமது கல்லூரி வலைப்பந்தாட்ட அணியில் நான்கு வருடங்கள் விளையாடியவள் என்ற வகையில், இந்த இரண்டாவது வகைப் பயணத்தில் எனக்கு அனுபவம் அதிகம்.

ஆகவேதான் 2024 ஏப்ரல் மாதத்தில், பெருநாள் வாரத்தில், பெரியம்மாவின் மகள் அமெரிக்காவிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. ராத்தா அப்போது அயோவா மாநிலத்திலுள்ள அயோவா சிற்றி என்ற நகரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி இறுதிப் போட்டியில் தோற்று மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த அணிக்கு அவர்களது சொந்த அரங்கிலேயே விழா எடுத்தார்களாம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தந்தையர் வந்தார்களாம். பாட்டிமார் வந்தார்களாம். "தோற்றதற்கா இவ்வளவும்?" என்று கேட்டேன். "தோற்றதற்கு இல்லை, இந்த வருடம் முழுவதற்கும்" என்று பதில் வந்தது.

அந்த வருடம் எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் அந்தப் பதில் விளங்கும்.

அயோவா, சோளமும் சோயாவும் விளையும் விவசாய மாநிலம். அங்கேயே பிறந்து வளர்ந்த கெயிட்லின் கிளார்க் என்ற வீராங்கனை, வெளி மாநிலத்துக்குப் போகாமல் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார். நடுக்கோட்டுக்குச் சற்று அருகில் நின்றே கூடைக்குள் பந்தைப் போடக்கூடியவர் அவர். 2023-24 அவரது நான்காவது வருடம். அந்தப் பருவம் தொடங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே, ஏறக்குறைய 15,000 பேர் அமரக்கூடிய கார்வர்-ஹோக்கை அரங்கின் பருவகால டிக்கெட்டுகள் அனைத்தும் தீர்ந்துவிட்டன. பெண்கள் அணிக்கு அங்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

2023 ஒக்டோபர் 15 அன்று, பல்கலைக்கழகத்தின் காற்பந்து மைதானத்தின் நடுவே தற்காலிகத் தளம் அமைத்து ஒரு சிநேகபூர்வப் போட்டி நடத்தினார்கள். குளிர்காற்றில் பந்து திசை மாறிய அந்தத் திறந்தவெளிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 55,646 பேர். பெண்கள் கூடைப்பந்தாட்டம் ஒன்றைப் பார்க்க அதற்கு முன் அவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடியதில்லை. மைதானத்தை அடுத்திருக்கும் சிறுவர் மருத்துவமனைக்கு அதன் வருமானம் வழங்கப்பட்டது.

பின்னர் சாதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2024 பெப்ரவரி 15 அன்று மிச்சிகன் அணிக்கு எதிராக 49 புள்ளிகள் பெற்ற கிளார்க், அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் போட்டிகளில் கெல்சி பிளம் வைத்திருந்த 3,527 புள்ளிகள் என்ற சாதனையைக் கடந்தார். மார்ச் 3ஆந் திகதி, ஆண்கள் பிரிவில் பீற் மராவிச் 1970ஆம் ஆண்டு முதல் வைத்திருந்த 3,667 புள்ளிகளையும் கடந்தார். மராவிச் மூன்றே பருவங்களில், மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில் அதைச் செய்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு பெண்ணின் பெயரும் ஓர் ஆணின் பெயரும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசப்பட்டதே ஒரு செய்திதான். கிளார்க் கடைசியில் பெற்ற மொத்தம் 3,951.

நான் இவற்றையெல்லாம் நேரடியாகப் பார்க்கவில்லை. அந்த மே மாதம் எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை. கணிதப் பயிற்சிகளுக்கு இடையே கிடைக்கும் பத்து நிமிடத்தில், ராத்தா அனுப்பும் காணொளிச் சுருக்கங்களை உம்மாவின் கைபேசியில் பார்ப்பேன். எனது கண்கள் பந்தை விட அதிகமாக ஆசனங்களையே பார்த்தன. ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை. பெண் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதற்கு இத்தனை பேரா? எமது வலய மட்டப் போட்டிகளுக்கு வருபவர்களை எண்ண எனக்கு இரண்டு கைவிரல்களே போதும். அதிலும் பாதிப் பேர், போட்டி முடிந்ததும் மகளை அழைத்துச் செல்ல வந்தவர்கள்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ராத்தாவிடம் கேட்டேன். அதற்கு விடை சொன்னவர் ராத்தா குடியிருந்த வீட்டின் கீழ்மாடியில் இருந்த ஒரு மூதாட்டி. எழுபது வயதைக் கடந்தவர். ராத்தா அவரை 'அன்ரி' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பருவத்தில் அவர் தவறவிட்ட போட்டி ஒன்றுகூட இல்லை. இது கிளார்க்கோடு தொடங்கிய கதை அல்ல, தானும் சிறுவயதில் கூடைப்பந்து விளையாடியவள் என்று சொல்லி, அவர் அந்தக் காலத்து விதிகளை விளக்கினாராம்.

அயோவாவில் பாடசாலைப் பெண்கள் விளையாடியது ஐவர் ஆட்டம் அல்ல, அறுவர் ஆட்டம். மூன்று பேர் எதிரணிக் கூடைப் பக்கம் நின்று பந்து போடுவார்கள். மூன்று பேர் தமது கூடைப் பக்கம் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தரையில் தட்டவும் கூடாது. ஓடியாடி விளையாடுவது பெண்களின் உடலுக்குத் தாங்காது என்று அந்நாட்களில் நம்பியதால் வந்த கட்டுப்பாடுகள் இவை. ஆனால் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே அம்மக்கள் அந்த விளையாட்டை நேசித்தார்கள். 1920இல் தொடங்கிய பாடசாலைப் பெண்களுக்கான மாநிலப் போட்டி, சின்னஞ்சிறு கிராமங்களையெல்லாம் தலைநகர் டெஸ் மொயினுக்கு இழுத்து வந்தது. 1968இல் டெனிஸ் லோங் என்ற மாணவி இறுதிப் போட்டியில் மட்டும் 64 புள்ளிகள் பெற்றார். அறுவர் ஆட்டம் அங்கு 1993இல்தான் முடிவுக்கு வந்தது. கிளார்க்கின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் லிசா புளூடரும் துணைப் பயிற்றுவிப்பாளர் ஜான் ஜென்சனும் அயோவாவின் அறுவர் ஆட்டத்தில் வளர்ந்தவர்களே.

இதை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சஹருக்காகச் சோறு ஆக்கிக்கொண்டிருந்த உம்மா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தைத் தட்டக் கூடாது. அப்ப அது எங்கட நெட்போல்தானே மகள்!"

உண்மைதான். பிறகு தேடி வாசித்தபோது விளங்கியது. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை அறிமுகப்படுத்திய சிறிது காலத்திலேயே, பெண்களுக்கென்று தளத்தைப் பிரித்து விதிகளை மாற்றினார்கள். அந்தப் பெண்கள் ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய் வலைப்பந்தாகி, ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பரவியது. அமெரிக்காவில் இருந்த கிளை அயோவாவின் அறுவர் ஆட்டம் போன்றவையாகி நின்றது. அப்படியானால் அந்த அன்ரி விளையாடியதும் உம்மா விளையாடியதும் ஒரே குடும்பத்து விளையாட்டு. ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று சொல்லலாம்.

உம்மா விளையாடினார் என்பதே அன்றுதான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. பாடசாலை அணியில் கோல் டிபென்ஸ். எனது இடமும் அதுவே. சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டாராம். யாரும் தடுத்தார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் தடுக்கல்ல. ஒருத்தரும் கேக்கவுமில்ல" என்றார். அவரது கடைசிப் போட்டியைப் பார்க்க வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அது கடைசிப் போட்டி என்பது அன்று அவருக்கே தெரியாது. உம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு மீண்டும் அகப்பையை எடுத்துக்கொண்டார்.

இறுதிப் போட்டி ஏப்ரல் 7ஆந் திகதி, ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் நடந்தது. எமக்கு அது நள்ளிரவு கடந்த நேரம். நோன்பின் இறுதிப் பத்து. முடிவை நான் மறுநாள்தான் அறிந்தேன். அதற்கு முன், அதற்கு முந்தைய வருட இறுதிப் போட்டியில் தம்மை வீழ்த்திய லூசியானா அணியை 94-87 என்றும், அரையிறுதியில் கனெக்டிகட் அணியை 71-69 என்றும் அயோவா வென்றிருந்தது. எதிரே நின்ற தென் கரோலினா அந்தப் பருவத்தில் ஒரு போட்டியிலும் தோற்காத அணி.

முதல் கால்பகுதியில் கிளார்க் மட்டும் 18 புள்ளிகள். அயோவா 27-20 என்று முன்னிலை. ஆனால் தென் கரோலினாவின் பலம் ஒருவரிடம் இருக்கவில்லை. மாற்று வீராங்கனைகளாக இறங்கியவர்களே 37 புள்ளிகள் பெற்றார்கள். அயோவாவின் மாற்று வீராங்கனைகளுக்கு ஒரு புள்ளியும் இல்லை. முடிவு 87-75. தென் கரோலினா 38 போட்டிகளிலும் வென்று கிண்ணத்தைத் தூக்கியது. தனியொருவர் எவ்வளவு திறமைசாலியானாலும், பன்னிரண்டு பேரும் ஆயத்தமாக இருக்கும் அணியை வெல்வது கடினம். இந்தப் பாடத்தை எந்த அணியும் மறக்கக்கூடாது.

வென்ற அணியின் பயிற்றுவிப்பாளர் டோன் ஸ்டேலி, மேடையில் நின்று தோற்ற அணியின் கிளார்க்குக்கு நன்றி சொன்னார், இந்த விளையாட்டை அவர் உயர்த்தியதற்காக. அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடி 89 இலட்சம் பேர். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடி 48 இலட்சம் பேர். பெண்கள் போட்டி ஆண்கள் போட்டியை மிஞ்சியது அதுவே முதல் தடவை.

பின்பு, நான் சொன்ன அந்த வரவேற்பு. கிளார்க்கின் 22ஆம் இலக்கத்தை இனி எந்த வீராங்கனைக்கும் கொடுப்பதில்லை என்று அங்கேயே அறிவித்தார்கள். சில நாட்களில் தொழில்முறை அணிகளுக்கான தெரிவு நடந்தது. கிளார்க் முதலாவதாகத் தெரிவானார். தோழியை உற்சாகப்படுத்தப் பார்வையாளர் ஆசனத்தில் அமர்ந்திருந்த கேட் மார்டினின் பெயரும் திடீரென்று வாசிக்கப்பட்டது. மே மாதத்தில் புளூடர் 24 பருவங்களின் பின் ஓய்வு பெற, ஜென்சன் பொறுப்பேற்றார். அந்தக் கூட்டம் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்தது.

ராத்தா அந்த அன்ரியிடம், இரண்டு வருடம் தொடர்ந்து இறுதிவரை வந்து தோற்றது கவலையாக இல்லையா என்று கேட்டாராம். கவலைதான் என்றாராம் அவர். ஆனால் போட்டி இல்லாத வெள்ளிக்கிழமைகள் அதைவிடக் கவலை என்றாராம். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே போர்வையைப் பகிர்ந்து, பெயர் தெரியாத சிறுமிகளுக்குச் சோளப்பொரி கொடுத்தது அவருக்கு நினைவிருக்கிறது. இறுதிப் போட்டியின் புள்ளிகளை அவர் சரியாகச் சொல்லவில்லையாம்.

ரசிகர்கள் வெற்றிக்காக மட்டும் வருவதில்லை என்பதை நான் அதில்தான் புரிந்துகொண்டேன். ஒரு பிள்ளை வளர்வதைப் பார்க்க வருகிறார்கள். அவள் தவறவிடும் பந்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தவர்களுக்குத்தான், முடிவு எப்படியிருந்தாலும், நினைத்து மகிழ ஏதேனும் மிஞ்சுகிறது.

எமது நாட்டு வலைப்பந்தாட்ட அணி 2018இலும் 2022இலும் ஆசியச் சம்பியனானது. அந்த வீராங்கனைகளும் எங்கோ ஒரு பாடசாலை முற்றத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று தொடங்கியவர்கள்தான். எமது கல்லூரியிலும் அப்படிச் சுண்ணாம்புக் கோடு போட்ட முற்றம் இருக்கிறது. மாலை மூன்று மணிக்கு அங்கே பதினான்கு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வேப்ப மர நிழலில் இரண்டு நீண்ட வாங்குகள் இருக்கின்றன. பெரும்பாலும் எங்களுடைய புத்தகப் பைகள்தான் அவற்றில் அமர்ந்திருக்கும்.

உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் இது எனக்குக் கடைசிப் பருவம். உம்மாவைப் போலன்றி, எனக்கு அது முன்கூட்டியே தெரியும். இதை வாசிக்கும் பெற்றோரே, உங்கள் மகள் எந்த விளையாட்டை விளையாடினாலும், ஒரு நாளாவது போட்டி தொடங்கும் முன்பே வந்து அமருங்கள். அவள் வெல்வாளா என்று கேட்டுக்கொண்டு வரவேண்டாம்.

அடுத்த மாதம் எமக்கு வலய மட்டப் போட்டி. எதிரணி எம்மைவிடப் பலமானது. திகதி எப்போது என்று உம்மா ஏற்கனவே இரண்டு தடவை கேட்டுவிட்டார். வாப்பாவிடம் கடையை அரை நாள் மூடச் சொல்லியிருக்கிறாராம்.