மை இல்லாத விரல்

எங்கள் கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலும் உண்டு, இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. முகாமிலுள்ள என் சிநேகிதியும் நானும் 2005இல் ஒரே மாதத்தில் பெண் பெற்றோம். என் மகளுக்கு ஜுரமென்றால் அவள் கஞ்சியோடு வருவாள். அவள் வீட்டில் உப்பு தீர்ந்தால் என் ஜாடி இருக்கிறது. எங்களுக்குள் பேதமேது என்றிருந்தேன்.

2024 ஏப்ரல் 19, தேர்தல் நாள். என் மகள் விரலில் மையோடு வந்தாள். சிநேகிதியின் மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்விட்டாள். "எங்கட பிள்ளையும் இஞ்சதானே அக்கா பிறந்தவள்?" என்றாள் தாய். எனக்குப் பதில் வரவில்லை.

1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையையும் பார்க்கிறது சட்டம். அண்டை நாட்டு அகதிகளுக்கென 2019இல் வந்த திருத்தத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை.

ஆனால் மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் வரை போராடி, அதே 2024 தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டாராம்! சட்டம் நினைத்தால் முடியும் என்று அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

உப்பைப் பகிர்ந்துகொள்ள நம் மனசு போதும், சகோதரிகளே. ஓட்டுக்குச் சட்டமும் அல்லவா மனசு வைக்கணும்?