பிடித்த மீனை விட்ட கதை

மீனைப் பிடித்து, பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவதற்காகக் குடும்பத்தோடு இரு நாட் பயணம் போவார் உண்டோ என வாசகர்கள் நகைக்கலாம். நாம் போனோம்.

2019 ஆம் ஆண்டு ஜூலை முதற் கிழமை அது. அமெரிக்காவின் மேற்கே தொழில் பார்க்கும் எம் தம்பி, விடுமுறைக்கு மொன்ரானாவின் மடிசன் ஆற்றுக்குப் போவோம் என்றான். அவனது ஒன்பது வயது மகனுக்கு மீன்பிடியிற் பித்து. எம்மோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஐயாவுக்கு வயது எழுபத்தெட்டு. சிறுவயதிற் பண்ணைக் கடலில் தூண்டில் போட்டவர்; பின்னர் நுவரெலியாவில் எழுதுவினைஞராய் இருந்தபோது, துரைமார் ஓடையில் நின்று ட்றவுட் மீன் பிடிப்பதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவர்.

வழியில் ஓர் ஏரி. நீருக்கு மேலே பட்ட மரங்கள் நின்றன. 1959 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17 ஆம் திகதி இரவு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் மலைச்சரிவு பெயர்ந்து ஆற்றை மறித்ததால் உண்டான ஏரியாம். அன்று 28 பேர் மாண்டனர். பலர் எம்மைப்போல் விடுமுறைக்கு வந்து கூடாரமடித்திருந்தவர்கள். ஐயா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சற்று நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாட் காலை, யெலோஸ்ரோன் பூங்காவினுள்ளே ஆற்றில் இறங்கினோம். இங்கே புழுவும் இறாலும் கூடா. இறகையும் நூலையும் முள்ளிற் சுற்றிச் செய்த பொய் ஈ ஒன்றுதான் இரை. ஈயக் குண்டும் கூடாது. நூலின் பாரமே ஈயைக் கொண்டுபோக வேண்டும். தம்பி வீசினால் நூல் காற்றில் வளைந்து நீரிற் பூப்போல விழும். நாம் வீசியபோது அது எம் தொப்பியிலும் பற்றையிலுமே விழுந்தது! முள்ளின் எதிர்க்கொக்கி நசுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. மீனுக்கு நோவு குறையுமாம்.

“தின்னாத மீனை ஏன் நோகடிப்பான்?” என்றார் ஐயா. எம்மிடம் மறுமொழி இல்லை.

பத்து மணியளவிற் பையனின் தூண்டிலில் ஒரு பழுப்பு ட்றவுட் அகப்பட்டது. ஒரு சாண் நீளம், உடலெங்கும் செம்புள்ளிகள். நுவரெலியாவிலும் விடப்பட்ட இனமேதான். இரண்டிடத்திற்கும் அதனை 19 ஆம் நூற்றாண்டில் வெள்ளையரே கொணர்ந்து விட்டனர். மகிழ்ச்சியில் நாம் செய்த பிழையை இங்கே மறைக்கலாகாது. பையனோடு ஒரு படம், தாயோடு ஒரு படம், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் என்று மீனை நெடுநேரம் நீருக்கு வெளியே வைத்திருந்தோம். விட்டபோது அது நீந்தவில்லை. வெள்ளை வயிறு மேலே தெரியப் புரண்டது.

பையன் அழத் தொடங்கினான். மடிசன் ஆற்றிற் கலக்கும் கிளையாறு ஒன்று வெந்நீரூற்றுகளின் நீரைக் கொண்டுவருவதாற் கோடையில் ஆறு எளிதிற் சூடேறும். சூடேறிய நீரிற் பிராணவாயு குறைவு. மிக வெப்பமான காலத்திற் பிற்பகல் 2 மணிக்குப் பின் மீன்பிடிக்கத் தடை விதிப்பதும் அதனாலேயே. இவற்றையெல்லாம் தம்பி எமக்கு முதல்நாளே சொல்லியிருந்தான். கேட்டும் மறந்தோம்.

ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நாம் தடுத்ததையும் கேட்கவில்லை. மீனை இரு கைகளாலும் தாங்கி, அதன் தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

“அப்பப்பா, சாகுமா?”

“கதையாதை ராசா. செவுளைப் பார்.”

எவ்வளவு நேரமோ அறியோம். செவுள் மெல்லத் திறந்து மூடிற்று. பின் வால் ஒருமுறை அசைந்தது. ஐயா விரல்களைத் தளர்த்தினார். மீன் அவர் காலருகே ஒரு கல்லின் நிழலிற் சிறிது தங்கிப் பின் ஆழத்தை நோக்கிப் போயிற்று. பிழைத்திருக்குமா என்று பையன் அன்று முழுவதும் கேட்டுக்கொண்டேயிருந்தான்.

இரவு விடுதியிற் சோறும் ரின்மீன் குழம்பும். அலாஸ்காவிற் பிடித்த சமன் மீன் என்று பேணியில் எழுதியிருந்ததைப் பையன் வாசித்துச் சொன்னான். “அதை ஒருவரும் விடவில்லைப் போலும்” என்று சொல்லி, ஐயா இன்னும் ஓர் அகப்பை வாங்கிக்கொண்டார்.