உப்புக் காற்றில் பழைய பெஜோ: கல்முனைக் கரையின் கராஜ் வேலை

இலங்கைத் தெருக்களில் பழைய பிரெஞ்சுக் கார் என்றால் பெரும்பாலும் பெஜோதான். பிரான்சின் கிழக்கில் உள்ள சோஷோ தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான நான்கு மாதிரிகள் இத்தீவில் நிலைத்தன. 203 மாதிரி 1948 முதல் 1960 வரையும், 403 மாதிரி 1955 முதல் 1966 வரையும் பிரான்சில் செய்யப்பட்டன. 404 மாதிரி 1960இல் வந்து 1975 வரை நீடித்தது. 504 மாதிரி 1968இல் அறிமுகமாகி அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் ஆண்டுக் கார் என்ற விருதைப் பெற்றது. பிரான்சில் அதன் செடான் வடிவம் 1983இல் நிறுத்தப்பட்ட பின்பும் நைஜீரியா, கென்யா, ஆர்ஜென்டினா ஆகிய நாடுகளில் தொடர்ந்து செய்யப்பட்டது. கரடுமுரடான தெருவுக்கென்றே பிறந்தவை இவை. கிழக்காபிரிக்க சஃபாரி பந்தயத்தை 404 நான்கு முறை வென்றது: 1963, 1966, 1967, 1968. வயல் வரம்போரத்துக் கிறவல் பாதைகளையும் மாரியில் உடைந்துபோகும் தார்த் தெருக்களையும் கொண்ட, கல்முனை அமைந்திருக்கும் அம்பாறை மாவட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான சிபாரிசு தேவையில்லை.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம்தான் இலங்கையின் கராஜ்களை உருவாக்கியது என்று சொல்வது மிகையாகாது. புதிய காரும் வராது, உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்காது என்ற நிலையில், இருப்பதை ஒட்டிவைத்து, கடைந்து, தட்டி ஓட வைக்கும் கை வளர்ந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. பெஜோக்கள் பின்தள்ளப்பட்டு, கைமாறிக் கைமாறிச் சிறு நகரங்களை வந்தடைந்தன. இன்று கல்முனைப் பக்கம் ஒரு பெஜோ வாங்குபவர் அதன் நான்காவது அல்லது ஐந்தாவது சொந்தக்காரராக இருந்தால் அது வியப்பில்லை.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கும் கரை இது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 நெடுஞ்சாலை இந்த ஊர்களின் நடுவே ஓடுகிறது. கராஜ்களில் பாதி அதன் ஓரத்தில். மீதி உள்ளொழுங்கைகளில், தென்னைகளுக்கு நடுவே தகரக் கூரையின் கீழ். கடல் கூப்பிடு தூரத்தில். இங்கே காரின் ஆயுளைத் தீர்மானிப்பது அது ஓடிய தூரமல்ல, அது நின்ற இடம்.

இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்னைக் கடத்தும் கரைசலாகி, அரிப்பு பல மடங்கு வேகமாகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை உறிஞ்சி இளகும். கடலோர இரவுகளில் அந்த அளவு எளிதாகத் தாண்டப்படுகிறது. ஆகவே மழையே பெய்யாத கச்சான் காலத்திலும் காரின் மடிப்புகளுக்குள் படிந்த உப்பு இரவுதோறும் நனைகிறது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் அது அவற்றைப் பிளந்து தள்ளுகிறது. பெயின்ட் கொப்பளிப்பது வெளியே தெரியும் வேளை, வேலை உள்ளே முடிந்திருக்கும்.

203இலிருந்து பெஜோக்களுக்குத் தனிச் சேசிஸ் இல்லை; உடலே எலும்பு. பழைய லொறியில் கபின் உக்கினாலும் சேசிஸ் தாங்கும். பெஜோவில் தரைத் தகடும், கதவுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை ஓடும் பெட்டிக் குழலும் உக்கினால் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. ஆகவே வாங்கும்போது பார்க்கும் ஒழுங்கு பொனட்டில் தொடங்கக் கூடாது, காரின் அடியில் தொடங்க வேண்டும். ஜக் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கியது பொத்தென்று அமுங்கும். பிறகு ஒரு காந்தம். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. 404, 504 இரண்டிலும் முன் சில்லின் ஷொக் அப்சோபர் ஸ்பிரிங்கோடு சேர்ந்து மேலே மட்கார்டின் உட்தகட்டில் ஏறி நிற்பதால், பொனட்டைத் திறந்து அந்த மேல்முனையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கே வெடிப்பு இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம். முன் கதவைத் திறந்து, தூக்கி மூடும் தேவை இருக்கிறதா என்பதும் ஒரு சோதனை: இருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது.

இந்தக் கரைக்கென்று இன்னொரு சோதனையும் உண்டு. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கையில் ஆக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை கடலோரங்கள் தரைமட்டமாயின. அந்த நாளில் உப்பு நீரில் மூழ்கிய வாகனத்தின் கதவு உட்குழிகளிலும், டாஷ்போர்டின் பின்னாலும், இருக்கைத் தண்டவாளத்தின் அடியிலும் நுண்மணல் படிந்திருக்கும். புதிய பெயின்ட் அதை மறைக்காது. கதவு உறையின் நான்கு கிளிப்புகளைக் கழற்றிப் பார்க்க விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

கைத்தொழில் தெரிந்தவரை இங்கே ‘பாஸ்’ என்பார்கள்: மெக்கானிக் பாஸ், தகட்டு வேலை பார்க்கும் டிங்கர் பாஸ், பெயின்ட் பாஸ், வயரிங் பாஸ் என்று வேலை பிரிந்திருக்கிறது. நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது குறைவு. கார்தான் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போகும். வாடிக்கையாளர் இளையவரானால் பாஸைக் ‘காக்கா’ (அண்ணன்) என்றும் கூப்பிடுவார். கையாளாக நிற்கும் பொடியனுக்கு எல்லோரும் பாஸ்தான். பழைய பெஜோவைப் பொறுத்தவரை நால்வரிலும் முதன்மையானவர் டிங்கர் பாஸ். இது மெக்கானிக்குகள் ஒப்புக்கொள்ளாத கருத்து. ஆனால் எஞ்சினை மாற்றலாம், உக்கிய கூட்டை மாற்ற முடியாது.

டிங்கர் பாஸின் வேலையில் நேரம் பிடிப்பது வெல்டிங் அல்ல, வெட்டுவது. கறள் கண்ட இடத்தில் நிறுத்தாமல், பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். ஒரு ரூபாய்க் குற்றியளவு ஓட்டை, வெட்டி முடிக்கும்போது உள்ளங்கையளவாகியிருக்கும். காசு கொடுப்பவருக்கு அந்த இடத்தில்தான் பாஸின் மேல் சந்தேகம் வரும். பெட்டிக் குழலை மாற்றும்போது ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொடலாம். வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்காவிட்டால், உடல் தொய்ந்து கதவு பிறகு ஒருபோதும் பொருந்தாது. தகடு கேஜ் கணக்கில் வாங்கப்படுகிறது: வெளித்தோலுக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள 20 கேஜ், தரைக்கும் குழலுக்கும் 1.2 மில்லிமீற்றருக்குக் கிட்டிய 18 கேஜ். சாதாரண ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை உருக்கி ஓட்டையாக்கிவிடும். காஸ் வெல்டிங் ஓடவிடலாம், ஆனால் சூட்டில் தகடு நெளியும். நெளிவைச் சுத்தியலாலும் அடியில் பிடிக்கும் இரும்புக் கட்டையாலும் தட்டி எடுக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் சிறு புள்ளிகளாக, ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் ஒன்றுமாக வைத்து ஆறவிடுகிறார்கள். மிக் வெல்டிங் இயந்திரம் உள்ள இடங்களில் வேலை சுத்தம்.

குறுக்குவழியும் உண்டு. படகு திருத்துவதற்கென இக்கரையில் விற்கும் பைபர் பாயும் ரெசினும் காரின் தரை ஓட்டைக்கும் ஒட்டப்படுகின்றன. படகுக்கு அது உடல்; காருக்கு அது வெறும் மூடி. பாயின் கீழே ஈரம் சிக்கி இரும்பு இன்னும் வேகமாக உக்குகிறது. விற்பதற்காகத் திருத்தப்பட்ட கார்களில் தரை விரிப்பின் அடியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

வெட்டி ஒட்டிய பின் கம்பித் தூரிகையால் தேய்த்து, பொஸ்போரிக் அமிலக் கலவை பூசினால் எஞ்சிய கறள் இரும்புப் பொஸ்பேற்றாக மாறி உறுதிப்படும். அதன்மேல் துத்தநாகப் பிரைமர், பிறகு பெயின்ட். கச்சான் வீசும் மாதங்கள் இதற்கு உகந்தவை. வாடையோடு மாரி இறங்கிய பின் பெயின்ட் அடித்தால் ஈரம் புகுந்து மேற்பரப்பு வெளிறிப்போகும். குழலின் உட்புறத்தை மறந்துவிடுவதே பொதுவான குறை. அங்கே மெழுகுக் கலவையைப் பீய்ச்ச வேண்டும். சிலர் கழித்த எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறார்கள். கறளை அது தடுக்கும்; கூடவே றப்பர் புஷ்களை ஊதவைத்து நிலத்தையும் கெடுக்கும்.

எஞ்சின் பக்கம் பெஜோ கருணையுள்ளது. இந்த நான்கு மாதிரிகளின் பெற்றோல் எஞ்சின்களில் சிலிண்டர்கள் புளொக்கோடு ஒன்றாக வார்க்கப்படவில்லை. தண்ணீர் சுற்றி ஓடும் தனி லைனர்களாகச் செருகப்பட்டிருக்கின்றன. தேய்ந்தால் புளொக்கை மெஷினுக்கு அனுப்பிக் கடைய வேண்டியதில்லை. லைனரும் பிஸ்டனும் கழற்றிப் புதிது போடலாம். உழவு இயந்திரங்களில் லைனர் மாற்றிப் பழகிய நெற்பிரதேச மெக்கானிக்குகளுக்கு இது புது வித்தையல்ல. கவனம் இரண்டில் வேண்டும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியதும் எஞ்சினைச் சுழற்றினால் லைனர்கள் மேலெழும்பி அடி வளையம் கெட்டுவிடும்; நட்டும் பெரிய வாஷரும் போட்டு அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றது, லைனரின் விளிம்பு புளொக்கின் மட்டத்திலிருந்து மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். நான்கும் ஒரே அளவில். அளக்காமல் மூடினால் சில மாதங்களில் ஒயில் பால் நிறமாகும்.

ஹெட் அலுமினியம். அதனால் வால்வு இருக்கைகள் தனிக் கடின உலோக வளையங்களாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஆகவே 2002இல் இலங்கையில் ஈயம் சேர்த்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது பழைய ஆங்கிலக் கார்கள் பட்ட பாட்டை பெஜோக்கள் படவில்லை. அலுமினியத்தின் எதிரி இங்கே கிணற்றுத் தண்ணீர். கடலோரக் கிணறுகளின் உவர் நீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் ஹெட்டை உள்ளிருந்து அரிக்கிறது. கூலண்ட் விலை கட்டாவிட்டால் வடித்த மழைநீராவது ஊற்ற வேண்டும். 404இல் இன்னொரு நுட்பம்: விசிறி எப்போதும் சுற்றாது, சூடேறும்போது மட்டும் மின்காந்தம் அதைப் பிடிக்கும். அந்த வயர் அறுந்த கார்களில் விசிறியை நட்டுப் போட்டு நிரந்தரமாக இறுக்கிவிடுவது வழக்கம். சூடான கரையில் அது நியாயமான சமரசமே.

சமரசத்துக்கு இடமில்லாத ஒன்று பின் அச்சு. 203, 403, 404 மாதிரிகளின் பின் அச்சில் உருக்குத் திருகு ஒன்று வெண்கலச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்றைய கியர் ஒயில்கள் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்கும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ‘தொண்ணூறு’ ஒயிலை ஊற்றுவது, சத்தமில்லாமல் ஓடும் அச்சைச் சத்தமில்லாமல் கொல்வதாகும். வெண்கலத்துக்குத் தீங்கில்லாதது என்று எழுதியுள்ள ஒயிலையே தேட வேண்டும்.

உதிரிப்பாகத்திற்கு முதலிடம் கொழும்பு பஞ்சிகாவத்தை. இரவு பஸ்ஸில் பொதி ஏற்றினால் காலையில் கல்முனையில் இறங்கும். 504 டீசல் வைத்திருப்போர் இந்தியாவையும் பார்க்கலாம்: மஹிந்திரா தன் ஜீப்புகளுக்கு உரிமம் பெற்றுச் செய்த 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின் அதே குடும்பம், வாங்குமுன் அளவை ஒப்பிட்டால் போதும். கிடைக்காத புஷ், பின் போன்றவற்றை அரிசி ஆலைகளுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் வேலை செய்யும் லேத் பட்டறைகள் கடைந்து தரும். சாவிகளைப் பொறுத்தவரை இன்று நிலைமை சாதகம். பெஜோ மெட்ரிக் அளவில் செய்யப்பட்டது. ஆங்கிலக் கார்களின் அங்குலச் சாவிகள் இருந்த பெட்டிகளில் இப்போது ஜப்பானிய வாகனங்களுக்கான மெட்ரிக் சாவிகளே உள்ளன.

இந்த வேலையைச் செய்பவர்களின் உடல்நிலை பற்றி யாரும் கணக்கெடுப்பதில்லை. நாகத் தகட்டை வெல்டிங் செய்யும் புகையால் மாலையில் காய்ச்சலும் நடுக்கமும் வரும்; இருவகைக் கலவைப் பெயின்டின் ஆவி நுரையீரலை இறுக்கும். முகமூடி தொங்குவதுண்டு, பெரும்பாலும் ஆணியில். பொடியன்கள் வேலை பழகியதும் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். அங்கே பழகுவது கணினி வைத்துப் பிழை பார்க்கும் புதிய வாகனங்கள். திரும்பி வருபவர் சம்பளத்தோடு வருகிறார், சுத்தியல் பிடிக்கும் கையோடு அல்ல. முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. பள்ளிப் படிப்பு குறைந்த டிங்கர் பாஸ்மாருக்கு அது கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. கொல்லையில் கிடந்தவைகூட வெளியே வந்தன. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியபோது, ஓடாத காருக்கும் ஒரு பயன் கண்டவர்கள் இருந்தார்கள். அந்த ஏற்றத்தில் கைமாறியவற்றில் காகிதச் சிக்கல் அதிகம். எஞ்சின் மாற்றி ஜப்பானிய டீசல் பூட்டிய பெஜோக்கள் ஏராளம்; மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாவிட்டால் பெயர் மாற்றும்போது கார் நின்றுவிடும். உக்கிப்போன ஒரு காரின் புத்தகத்தையும் இலக்கத்தையும் இன்னொரு கூட்டுக்கு ஏற்றும் வேலையும் நடக்கிறது. அது குற்றம், வாங்கியவரும் மாட்டுவார். பொனட்டின் கீழுள்ள சேசிஸ் இலக்கத்தைத் துணியால் துடைத்து, பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.