பாவனை ஊர்தி

மெய், வாய், கண், மூக்கு, செவி எனப் பொறிகள் ஐந்தென்று இளமையிலேயே கற்றோம். அவ்வைந்தனுள் அடங்காததோர் உணர்வு நம் உட்செவியில் உறைகின்றது என்பதை யான் அறிந்த இடம் வகுப்பறை அன்று. எம் வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகை. தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் வெல்டிங் புகையினூடே அதனை அறிய நேர்ந்த வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் ஊர் சுங்குவார்சத்திரம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே உள்ளது. பெயரில் சத்திரத்தை உடைய அவ்வூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகளே நிறைந்துள்ளன. நள்ளிரவிலும் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் சாலையில் வரிசையாய் நிற்கும். அத்தகைய பேருந்தொன்றை எந்தை இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டினார். சிறுவனாய் இருந்தபோது சிற்சில இரவுகளில் யானும் உடன்சென்றதுண்டு. வேலை முடிந்து ஏறும் பெண்மக்கள் அமர்ந்த மாத்திரத்தில் உறங்கிவிடுவர். விடுதி வாயிலில் வண்டி நிற்கும்போது ஒருவர் தலையேனும் முன்னிருக்கையில் மோதியதை யான் கண்டதில்லை. அதன் அருமையை அந்நாளில் யான் உணர்ந்திலேன்.

என் தமையனார் டிப்ளமா முடித்து, ஒரகடத்தில் உள்ளதோர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணியாளராய் இருக்கின்றார். அவருக்கு மோட்டார்ப் பந்தயத்தில் தீராத வேட்கை. 1990இல் தொடங்கப்பெற்ற இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் எம் ஊருக்கு அணித்தே உள்ளது. கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் என்னும் செய்தியை அண்ணன் வேதவசனம்போல் மனப்பாடமாய்ச் சொல்வார். எனினும் பந்தய ஊர்தியில் ஒருநாள் அமர்வதற்கும் எம்மனோர்க்குப் பொருள் ஏது? ஆதலின், “ஊர்தியைத்தான் வாங்க இயலாது; அதன் அசைவையேனும் செய்துகொள்வோம்” என்று அவர் துணிந்தார். கணக்கு எழுதுதலும், கருவிகள் வாங்கிவருதலும் என் பங்காயின.

இத்தகைய முயற்சி புதியதன்று. அமெரிக்க நாட்டின் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை உடையாரின் மகனான எட்வின் லிங்க் என்பார், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக்கொண்டே 1929இல் ஓர் அசையும் விமானப் பெட்டியைச் செய்தார். தொடக்கத்தில் கேளிக்கைப் பூங்காக்களே அதனை வாங்கின. 1934இல் தபால் சுமந்து பறந்த இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி மாண்டபின்னரே, அமெரிக்க இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பயின்றனர். விளையாட்டுப் பொருளென்று எள்ளப்பட்டது உயிர்காக்கும் கருவியாயிற்று.

நிற்க, எம் பொறியின் அமைப்பைக் கூறுவேன். தரையில் சதுரக் குழாய்களால் ஆன ஒரு சட்டம். அதன் நடுவே ஒரு தூண். தூணின் தலையில், லாரிப் பட்டறையார் ‘கிராஸ்’ என்று வழங்கும், எப்பக்கமும் மடங்கவல்ல மூட்டு. அதன்மேல் பழைய காரின் இருக்கை. இருக்கையின் பின்னே இடமும் வலமுமாய் இரண்டு வைப்பர் மோட்டார்கள். மழைநாளில் லாரிக் கண்ணாடியைத் துடைப்பவை. அவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பொருட்கடை ஒன்றில் பேரம்பேசி வாங்கினேன். இரண்டும் ஒருங்கே தள்ளினால் இருக்கை முன்னோ பின்னோ சாயும். ஒன்று தள்ள மற்றொன்று இழுத்தால் பக்கவாட்டில் சாயும். கணினியில் ஓடும் பந்தய விளையாட்டு, ஊர்தியின் வேக மாறுதலைக் கணந்தோறும் எண்களாய் வெளியிடும். ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை அவ்வெண்களுக்கேற்ப மோட்டார்களை ஏவும். மோட்டார் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை, வானொலியின் ஒலித் திருகுபோன்ற பொட்டன்ஷியோமீட்டர் அப்பலகைக்கு உடனுக்குடன் உணர்த்தும்.

ஓடாத ஊர்தி ஓடுவதாய்த் தோன்றுவது எங்ஙனம்? நம் உட்செவியில் உள்ள நுண்ணிய உறுப்புகள், வேகம் கூடுவதால் உண்டாகும் அழுத்தத்தையும், பின்னே சாய்வதால் உண்டாகும் அழுத்தத்தையும் வேறுபிரித்தறிய மாட்டா. பத்துப் பாகை பின்சாய்ந்தால் உடலெடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு முதுகில் அழுந்தும். கண்முன் திரையில் சாலை விரைந்தோடுமாயின், “வேகம் கூடுகின்றது” என்று மனம் நம்பிவிடும். ஆனால் சாய்க்கும் விரைவு நொடிக்கு ஏறக்குறைய மூன்று பாகைக்கு மேற்படின் உட்செவி அதனைக் கண்டுகொள்ளும். சாய்ந்த இருக்கையை அடுத்த அசைவிற்காக நடுநிலைக்கு மீட்பதும் அவ்வாறே, அமர்ந்தவர் அறியாவண்ணம் நிகழவேண்டும்.

இவையெல்லாம் என் குறிப்பேட்டில் அழகாய் எழுதப்பட்டிருந்தன. ஆயினும் ஒன்றை யான் செய்யாது விட்டேன். ஆபத்துக் காலத்தில் மின்சாரத்தை அறுக்கும் சிவப்புப் பொத்தானை வாங்குமாறு அண்ணன் பணித்திருந்தார். “அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒதுக்கிவைத்தேன். முதல் வெள்ளோட்ட இரவில் பொட்டன்ஷியோமீட்டரின் கம்பி கழன்றது. தான் நிற்குமிடம் அறியாத மோட்டார் வெறிகொண்டாற்போல் சுழன்றது. இருக்கை ஒருபுறம் சரிய, அதனைப் பிடிக்க நீட்டிய அண்ணனின் விரல் சட்டத்திற்கும் தள்ளுகோலுக்கும் இடையே நசுங்கிற்று. யான் செய்வதறியாது நின்றேன். எந்தை ஓடிவந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

விரலில் நான்கு தையல். மூன்று நாள் வேலையில்லை. ஒப்பந்தப் பணியாளருக்கு வேலையில்லையேல் கூலியும் இல்லை. அண்ணன் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று. மறுநாட்காலை யான் முதற்கண் செய்த வேலை, அச்சிவப்புப் பொத்தானை வாங்கிவந்து கைக்கெட்டும் இடத்தில் பொருத்தியதேயாகும்.

ஒருமாதம் கழித்துப் பொறி ஒழுங்காய் இயங்கிற்று. யாங்கள் இருவரும் ஏறி, குலுங்கிக் குதூகலித்தோம். பின்னர் எந்தையை அமர்த்தினோம். முழங்கால் நோவினால் ஓட்டுந்தொழிலை விட்டு ஈராண்டு ஆகியிருந்தது. சக்கரத்தைப் பற்றியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. இரண்டு சுற்று ஓட்டி நிறுத்தினார்.

“தம்பி, இது வண்டி ஓட்டுவதாக இல்லை, வண்டியைப் பிடித்து உலுக்குவதாக இருக்கிறது. பிரேக்கைப் பிடித்தது தெரியலாம், விட்டது தெரியக் கூடாது,” என்றார்.

மூன்று பாகைக் கணக்கை எழுதிவைத்த யானே, வேடிக்கையின் பொருட்டு மீள்விரைவை மும்மடங்காக உயர்த்தியிருந்தேன்! உறங்குவோர் தலை அசையாவண்ணம் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் காலால் அளந்த அளவே என் குறிப்பேட்டில் எண்ணாய்க் கிடந்தது. அன்றிரவே அதனைக் குறைத்து அமைத்தோம். எந்தை மீண்டும் ஓட்டினார். இம்முறை நெடுநேரம் இறங்கவில்லை.

இறங்கியபின், “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று குறைகிறது,” என்றார்.

“என்ன அப்பா?” என்று அண்ணன் குறிப்பெழுத ஆயத்தமானார்.

“பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பது தெரியவில்லையே.”

அண்ணன் நகைத்தார். எனக்கு நகைப்பு வரவில்லை. தையலின் தழும்பேறிய அவர் விரலே என் கண்ணிற்பட்டது. முடுக்கத்தையும் சாய்வையும் பாவனை செய்ய இரண்டு பழைய மோட்டார்கள் போதும். பிறர் உயிர் நம் கையில் உளது என்னும் அவ்வுணர்வைத் தரும் மோட்டார் புதுப்பேட்டையில் கிடைப்பதன்று. சிவப்புப் பொத்தானை அடுத்த வாரத்திற்கு ஒதுக்கிய யான் அதனைச் சற்றே பிந்திக் கற்றேன்.

நண்பர்காள், விடுமுறையில் எம் ஊர்ப்பக்கம் வருவீராயின் அப்பொறியில் ஏறி ஓட்டலாம். ஓட்டுமுன் பொத்தான் எங்குளது என்பதை எந்தை உமக்குக் காட்டுவார். அதனை ஒருமுறை அழுத்திப் பார்த்தபின்னரே விடுவார்.