உறுமல்

உறுமல் என்ற சொல்லை நம் மரபு இழிவாகக் கொண்டதில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒலியெழுப்பும் கருவிக்கு உறுமி என்றே பெயரிட்டோம். போடிநாயக்கனூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் அவ்வொலி கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, மெட்டல் பாடகன் அடிவயிற்றிலிருந்து எழுப்பும் உறுமல் முற்றிலும் அந்நியமாக இருக்க நியாயமில்லை. ஆயினும் அவ்விசையைக் காட்டுக்கூச்சல் என்று ஒதுக்குவோரே இலக்கிய வாசகரிடையே மிகுதி.

1980-களின் இங்கிலாந்தில், பங்க் இசையின் சினத்தையும் மெட்டலின் கனத்தையும் பிணைத்து 'கிரஸ்ட்' என்றொரு வகையை உருவாக்கியவர்களுள் அமீபிக்ஸ் குழுவினர் முதன்மையானவர்கள். பெருநிறுவனங்களின் துணையின்றி, ஒலிநாடாக்களாகக் கைமாறி, கடல் கடந்து பரவியது இத்தகைய அடித்தள இசை. அதன் அலை தொட்ட கரைகளுள் சிங்கப்பூரும் ஒன்று. அங்கே 1992-இல் தமிழ் இளைஞர்கள் சிலர் தொடங்கிய குழுவே 'ருத்ரா'. பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிரும், டிரம்ஸ் வாசிக்கும் சிவாவும் அதன் தூண்கள். இடையில் கலைந்து, மீண்டும் கூடி, 1998-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். 2003-இல் 'குருக்ஷேத்ரா' வந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' வரிசையின் மூன்று தொகுப்புகள் வந்தன. 2022-இல் 'எயிட் மகாவித்யாஸ்' வெளியாயிற்று. உபநிடதக் கருத்துகளை இடிமுழக்கமான கிட்டாரோடு இணைத்த இப்பாணிக்கு 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் நிலைத்தது.

இக்குழு முளைத்த மண்ணைச் சற்றே கருத வேண்டும். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிப்பதற்கு 1973-இல் தடை வந்தது. ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இசைவு கிடைத்தது 2016-இல்தான். காவடிக்கு முன்னே உறுமி முழங்கக் கூடாத நகரத்தில், தமிழ் இளைஞர்கள் ஒலிபெருக்கியின் முழு வலுவோடு மந்திரத்தை உறுமினார்கள். தடைக்கு மறுமொழியாகவே அவர்கள் பாடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எவருடைய ஒலி இசை, எவருடைய ஒலி இரைச்சல் என்று தீர்மானிப்பது யார் என்ற வினாவை இவ்விரண்டையும் அருகருகே வைத்த பின் தவிர்க்க இயலாது. யூஜின் தைரியநாதன் 2009-இல் 'வேதிக் மெட்டல்' குறித்தும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளம் குறித்தும் ஆய்வுக் கட்டுரை எழுதினார் என்பது, இவ்விசை வெறும் பொழுதுபோக்காக முடியவில்லை என்பதற்குச் சான்று.

செல்வாக்கு என்பதைத் தலைகளை எண்ணி அளப்பவர்களுக்கு இக்குழு பொருட்டாகாது. சிற்றிதழ் வாசகர்களோ அவ்வாறு அளப்பதில்லை. நமக்கு அண்மையிலுள்ள சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' சிலரால் மட்டுமே படிக்கப்பட்டது. ஆயினும் புதுக்கவிதைக்கு அது வழி திறந்தது. ஏலச்செடியும் அத்தகையதே. ஓங்கிய தண்டின் உச்சியில் அது காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணையொட்டிப் படரும் சரங்களில், மர நிழலில் காய்க்கிறது. காய் தேடுகிறவர் குனிய வேண்டும்.

இனி, நம் மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். ருத்ராவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தவை. 2001-இல் வந்த தொகுப்புக்கு 'தி ஆரியன் குருசேட்' என்று தலைப்பிட்டார்கள். ஆரியம், திராவிடம் என்ற சொற்கள் அரசியலாய்க் கனலும் தமிழகத்தில் அத்தலைப்பை எளிதில் விழுங்க முடியாது. ஓதும் உரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த மந்திரத்தை எவரும் கேட்கும்படி மேடையில் உறுமுவது மரபை உடைக்கும் செயலா, அம்மரபுக்கே மீண்டும் அரியணை இடும் செயலா? இரண்டுமே என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' எதிர்த்திசையிலிருந்து வந்தது. கானாவையும் பறையையும் ராக், ராப் இசைகளோடு இணைத்து, சாதிக்கு எதிராகத் தமிழில் பாடியது. மெட்டலின் கனத்தைத் தமிழர் கையாள முடியும் என்பதை ருத்ரா முப்பது ஆண்டுகளாகக் காட்டி வந்திருக்கிறது. இழிவென ஒதுக்கப்பட்ட தோற்கருவியும் பேச்சுத்தமிழும் நவீன மேடையைத் தாங்கும் என்பதைச் சென்னைக் குழு காட்டியது. இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு தமிழ் மெட்டல் பிறக்கக்கூடும். அன்று அதன் உறுமல், விடியற்காலையில் போடிமெட்டு வளைவுகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கியேற்றிச் செல்லும் ஜீப்பின் உறுமலையும் தன்னுள் கொண்டிருக்குமானால், அதைக் காட்டுக்கூச்சல் என்று ஒதுக்க எவருக்கும் துணிவு வராது.